பூமாரி பெய்த பிறகு

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது. தில்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய பழைய வீடு. பிற்பகல் மூன்று மணிவாக்கில் படியேறி வரும் ஒரு காலடிச் சத்தம் இரண்டாம் மாடியில், எங்கள் வாசலுக்கு எதிரே நிற்கும். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி மேலே போகும். மூன்றாம் மாடியில் குடியிருக்கும் டாக்டர் அவர். ரோத்தக் பக்கத்துப் பெண். மயக்க மருந்து நிபுணர். வயது முப்பத்து மூன்று.

எப்போதாவது நான் கதவைத் திறந்தால் கைபேசியில் எதையோ தேடுவதுபோல் நிற்பார். "ஒன்றுமில்லை தீதி, ஒரு மெசேஜ்" என்பார். கொஞ்ச காலம் நானும் நம்பினேன். 2020 நவம்பரில் அவருக்கு வந்த கொரோனா விட்டுச் சென்ற மூச்சிரைப்பு அது என்பது பிறகுதான் தெரிந்தது. நாற்பது படிகளை அவர் ஒரே மூச்சில் ஏறி வருஷங்கள் ஆகின்றன.

அவர் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்ததே கொரோனாவால்தான். அப்போது அவர் ஓர் அரசு மருத்துவமனையில் இரண்டாம் ஆண்டு முதுநிலை மாணவி. 2020 மார்ச் 22ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு அவருடைய வீட்டுக்காரர் குடும்பத்தோடு பால்கனியில் நின்று தட்டைத் தட்டினார். மூன்றாம் நாள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். காரணம் கேட்டபோது, "வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள் பேட்டி" என்றாராம், மிகவும் வருத்தத்தோடு. இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. வீட்டுக்காரர்கள் விரட்டுகிறார்கள் என்று எய்ம்ஸ் ரெசிடென்ட் டாக்டர்கள் சங்கம் அந்த வாரமே உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதியது. அப்படி விரட்டுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று தில்லி அரசு உத்தரவு போட வேண்டியிருந்தது.

என்னைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கு அந்த மாதங்களில் வேலை அதிகம். நாள்தோறும் அறிக்கைகள். அவற்றில் திரும்பத் திரும்ப வந்த சொற்கள் இரண்டு: 'கொரோனா வாரியர்', 'ஃப்ரன்ட்லைன் வொர்க்கர்'. தமிழில் முதலாவது கொரோனா போர்வீரர் ஆயிற்று. இரண்டாவது முன்களப் பணியாளர் ஆயிற்று. நானும் அப்படித்தான் எழுதினேன். களம் என்றால் நமக்கு நெல்லடிக்கும் களமும் உண்டு. ஆனால் படித்தவர்களுக்கு நினைவில் வந்தது போர்க்களம்தான். ஏப்ரல் 5ஆம் தேதி விளக்கேற்றினோம். மே 3ஆம் தேதி விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மீது பூத்தூவின. அதே ஆண்டு அக்டோபரில் வடக்கு தில்லி மாநகராட்சி மருத்துவமனைகளின் டாக்டர்கள், பல மாதச் சம்பள பாக்கியைக் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள்.

ஒரு வேலைக்குப் போர் என்று பெயர் வைத்துவிட்டால் சாவு தியாகமாகிவிடுகிறது. சம்பளம் கேட்பது அநாகரிகமாகிவிடுகிறது. ஆனால் போருக்கு வேறு விதிகளும் உண்டு. களத்திலிருந்து திரும்பும் சிப்பாய்க்கு விடுப்பு உண்டு. காயம்பட்டு ஊனமானவருக்கு ஓய்வூதியம் உண்டு. முக்கியமாக, போருக்குப் போனவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சப்பாத்தி இட வேண்டியதில்லை. வீரர் என்ற பட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த விதிகளை நாம் விட்டுவிட்டோம். அந்தக் கணக்கு பெண் டாக்டர்களின் உடம்பிலும் பிழைப்பிலும் இன்னும் தீரவில்லை.

முதலில் உடம்பு. மயக்க மருந்து நிபுணர் என்றால் அறுவை சிகிச்சைக்கு முன் ஊசி போடுபவர் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். மூச்சு முட்டும் நோயாளியின் தொண்டைக்குள் குழாயைச் செலுத்தி வென்டிலேட்டரில் இணைப்பதும் அவர் வேலைதான். கொரோனா நோயாளியின் மூச்சுக் காற்றுக்கு அவர் அளவுக்கு நெருக்கமாக நிற்பவர் மருத்துவமனையில் வேறு யாருமில்லை. அந்த வேலைக்கு இவருக்குக் கிடைத்த பாதுகாப்பு உடை, ஆறடி ஆணுக்குத் தைத்தது. கால் நீளத்தை மடித்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொள்வார்களாம். என்95 முகமூடி முகத்தோடு ஒட்டினால்தான் பயன். சின்ன முகத்தில் கன்னத்தோரம் இடைவெளி விழுந்தால் அது துணிக்குச் சமம். 2020 மார்ச்சில் ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலையிலிருந்து மே மாதத்தில் நாளுக்கு 2 லட்சம் பாதுகாப்பு உடைகளைத் தைக்கும் நிலைக்கு இந்தியா வந்தது. அது உண்மையான சாதனை. ஆனால் அதை அணியப் போகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள் என்பது அவர் வார்டை எட்டவில்லை.

உடையை ஒரு முறை போட்டால் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் கழற்ற முடியாது. தண்ணீர் குடிக்க முடியாது, கழிவறை போக முடியாது. மாதவிலக்கு நாட்களில் என்ன செய்வது? பெரியவர்களுக்கான டயாபரைக் கட்டிக்கொண்டோம் என்றார், வானிலை சொல்வதுபோல. மார்ச் 24ஆம் தேதி வெளியான அத்தியாவசியப் பொருட்களின் பட்டியலில் சானிட்டரி நாப்கின் பெயரே இல்லை. ஐந்து நாள் கழித்து விளக்கம் வந்தது.

அடுத்தது வீடு. தொடக்கத்தில் கொரோனா வார்டில் வேலை பார்த்தவர்களைப் பணிக்குப் பிறகு தனிமையில் தங்க வைத்தார்கள். தில்லி அரசு ஐந்து நட்சத்திர ஓட்டல் ஒன்றில் 100 அறைகளை டாக்டர்களுக்காக எடுத்தது. கைக்குழந்தையை விட்டுவிட்டு அந்த அறைகளில் இருந்த தாய்மார்களுக்கு அது சிறைவாசம்தான். ஆனாலும் குழந்தைக்கு நோய் போகாது என்ற நிம்மதி இருந்தது. 2020 மே 15ஆம் தேதி சுகாதார அமைச்சகம் கட்டாயத் தனிமையைக் கைவிட்டது. கவசம் ஒழுங்காக அணிந்தவர்கள் வழக்கம்போல வேலைக்கு வரலாம் என்றது. வார்டிலிருந்து நேரே வீடு. வாசலிலேயே குளித்து, துணியை வெந்நீரில் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் குழந்தையைத் தொட்ட அம்மாக்கள் அந்த நாட்களில் எத்தனையோ பேர். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணையும் குடியிருப்புச் சங்கம் உள்ளே விடவில்லை.

வீட்டு வேலையைப் பற்றிச் சொல்லும்போது ஒரு புள்ளிவிவரம் நினைவுக்கு வருகிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிஷமும் ஆண்கள் 97 நிமிஷமும் செலவிட்டார்கள். ஊரடங்கில் ஆண்களெல்லாம் பாத்திரம் தேய்க்கக் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகைகளில் நாங்கள் பக்கம் பக்கமாக எழுதினோம். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெண்களுக்கு 289 நிமிஷம், ஆண்களுக்கு 88. பெண்ணுக்குப் பத்து நிமிஷம் குறைந்திருக்கிறது. ஆணுக்கு ஒன்பது நிமிஷம் குறைந்திருக்கிறது.

கர்ப்பிணிகளின் கதை இதைவிட மோசம். தடுப்பூசி 2021 ஜனவரி 16ஆம் தேதி தொடங்கியது. முதல் வரிசையில் நின்றவர்கள் மருத்துவத் துறையினர். ஆனால் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஊசி இல்லை. சோதனைகளில் அவர்களைச் சேர்க்கவில்லை, எனவே பாதுகாப்பு பற்றித் தகவல் இல்லை, எனவே ஊசி இல்லை. பாலூட்டுவோருக்கு மே 19ஆம் தேதியும் கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2ஆம் தேதியும்தான் அனுமதி வந்தது. இரண்டாவது அலை உச்சத்தைத் தொட்டு, ஒரே நாளில் 4 லட்சம் பேருக்கு மேல் நோய் கண்டது மே முதல் வாரத்தில். அந்த அலையில் கர்ப்பிணிகளிலும் பிரசவித்தவர்களிலும் நோய் அறிகுறி கண்டவர்களின் விகிதம் முதல் அலையைவிட இரு மடங்கு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே பிறகு தெரிவித்தது. மாடி வீட்டு டாக்டரின் வகுப்புத் தோழி ஒருவர் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. ஊசி போட்டுக்கொள்ள உரிமை இல்லை. வேலை செய்யத் தடை இல்லை. அவரும் குழந்தையும் பிழைத்தார்கள். இருவருமே குறைமாதப் பிரசவத்தின் விலையை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, காலம். இதைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. மருத்துவ முதுநிலை நுழைவுத் தேர்வு 2021 ஏப்ரல் 18ஆம் தேதி நடக்க வேண்டியது. தள்ளிப்போய் செப்டம்பர் 11ஆம் தேதி நடந்தது. பிறகு இட ஒதுக்கீட்டு வழக்கு. டிசம்பரில் தில்லி டாக்டர்கள் தெருவில் இறங்கினார்கள். உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பின் கலந்தாய்வு தொடங்கியபோது 2022 ஜனவரி 12 ஆகிவிட்டது. அதாவது சுமார் 45,000 பேர் கொண்ட ஒரு முழு ஆண்டு மாணவர்கள், மருத்துவமனைகளுக்கு மிகவும் தேவைப்பட்ட காலத்தில் வெளியே காத்திருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் அவர்கள் வேலையையும் சேர்த்துப் பார்த்தார்கள். புதிய அணி வரும்வரை இறுதியாண்டு மாணவர்களின் சேவையைத் தொடரலாம் என்று 2021 மே மாதம் பிரதமர் அலுவலகமே அறிவித்தது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் இந்தத் தாமதம் ஒன்றுதானே என்று கேட்கலாம். நாட்காட்டியில் ஒன்றுதான். ஆனால் மருத்துவ முதுநிலைப் படிப்பு வருவது இருபத்தைந்திலிருந்து முப்பது வயதுக்குள். நம் ஊரில் கல்யாணமும் பிள்ளைப்பேறும் பெண்ணிடம் கேட்கப்படுவதும் அதே ஐந்து வருஷத்தில்தான். இருபத்தொன்பது வயது ஆணுக்கு ஒரு வருஷம் போனால் அது ஒரு வருஷம். இருபத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அது மாமியாரின் கேள்வி, மகப்பேறு டாக்டரின் எச்சரிக்கை, மேற்படிப்பா குழந்தையா என்ற தேர்வு. மாடி வீட்டு டாக்டர் தீவிர சிகிச்சையில் மேற்படிப்புப் படிக்க ஆசைப்பட்டவர். இறுதித் தேர்வு தள்ளிப்போனது. அதனால் குழந்தையும் தள்ளிப்போனது. பிறகு குழந்தை வந்தது. மேற்படிப்பு போயே போய்விட்டது.

இறந்தவர்களுக்கு ஒரு கணக்காவது உண்டு. இரண்டாவது அலையில் மட்டும் ஏறத்தாழ 800 டாக்டர்கள் மாண்டதாக இந்திய மருத்துவச் சங்கம் எண்ணிச் சொன்னது. சங்கம் எண்ண வேண்டியிருந்ததற்குக் காரணம், அத்தகைய விவரங்கள் மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை என்று 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு சொல்லிவிட்டதுதான். இறந்தவர் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு இருந்தது. அது மரணத்துக்கு மட்டுமே. பிழைத்து, நோயைச் சுமந்து வாழ்பவருக்கு அதில் ஒரு ரூபாயும் கிடையாது. மாதக்கணக்கில் நீடிக்கும் கொரோனா பாதிப்பு ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. மூச்சிரைப்பு, களைப்பு, மறதி எதுவும் எக்ஸ்ரேயில் தெரியாது. "தைராய்டு பார்த்தாயா? தூக்கம் சரியில்லையா?" என்று சக டாக்டர்களே கேட்டார்களாம். இதே கேள்வியைப் பெண் நோயாளிகளிடம் எத்தனை தடவை தானும் கேட்டிருப்போம் என்று யோசித்துச் சிரிக்கிறார் அவர்.

பாதுகாப்புச் சட்டமும் அப்படித்தான். 2020 ஏப்ரல் 1ஆம் தேதி இந்தூரில், நோயாளியோடு பழகியவர்களைத் தேடிப் போன சுகாதாரக் குழு மீது கூட்டம் கல்லெறிந்தது. குழுவில் இரண்டு பெண் டாக்டர்கள். அடிபட்டவர்கள் மறுநாள் அதே பகுதிக்கு வேலைக்குத் திரும்பினார்கள். மூன்று வாரத்தில் அவசரச் சட்டம் வந்தது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் ஜாமீன் கிடையாது, மூன்று மாதத்திலிருந்து ஐந்து வருஷம் வரை சிறை, கொடுங்காயம் என்றால் ஏழு வருஷம் வரை. நல்ல சட்டம்தான். ஆனால் அது 1897ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்துக்குச் செய்த திருத்தம். தொற்றுநோய் இருக்கும் காலத்துக்கு மட்டுமே பொருந்தும். கிருமி போனதும் காவலும் போயிற்று.

2024 ஆகஸ்டு 9ஆம் தேதி கொல்கத்தாவின் ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் 31 வயதுப் பயிற்சி டாக்டர் ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். அவர் படித்தது நெஞ்சக நோய் மருத்துவம். நெடுநேரப் பணிக்கு நடுவே கருத்தரங்க அறையில் ஓய்வெடுக்கப் போனவர். அந்த மாதம் இந்திய மருத்துவச் சங்கம் நடத்திய கருத்துக் கணிப்பில் 3,885 டாக்டர்கள் பதிலளித்தார்கள். இரவுப் பணியில் பாதுகாப்பில்லை என்று மூன்றில் ஒருவருக்கு மேல் சொன்னார்கள். இரவில் தங்களுக்கென்று பணியறை இல்லை என்றவர்கள் 45 சதவீதம். 2020இல் ஐந்து நட்சத்திர ஓட்டலில் அறை எடுக்க முடிந்த நாட்டில், நான்கு வருஷம் கழித்து ஒரு கட்டிலும் தாழ்ப்பாளும் இல்லை.

அதற்கு அரசாங்கம் கண்ட மருந்து இன்னும் வேடிக்கை. பெண் டாக்டர்களுக்கு முடிந்தவரை இரவுப் பணி வேண்டாம் என்று மேற்கு வங்க அரசு அறிவுறுத்தியது. பாதுகாப்பளிப்பது உங்கள் கடமை, பெண்கள் இரவில் வேலை செய்யக் கூடாது என்று சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகு அது திருத்தப்பட்டது. நீதிமன்றம் அமைத்த தேசியப் பணிக்குழுவோ, டாக்டர்கள் பாதுகாப்புக்குத் தனி மத்தியச் சட்டம் தேவையில்லை, இருக்கும் சட்டங்களே போதும் என்றது. இருக்கும் சட்டங்கள் போதும் என்றால் 2020இல் அவசரச் சட்டம் எதற்கு?

வேலை நேரத்துக்கும் ஓர் உத்தரவு இருக்கிறது. ரெசிடென்ட் டாக்டர்களுக்குத் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய அரசு 1992லேயே சொல்லியிருக்கிறது. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, மருத்துவ மாணவர்களின் மனநலம் கருதி, வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. மனநலத்தை முன்னிட்டே 32 வருஷத்தில் 26 மணி நேரம் கூடியிருக்கிறது.

இதில் டாக்டர் அல்லாத நமக்கு என்ன நஷ்டம்? 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை வைத்து உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவின் அலோபதி டாக்டர்களில் பெண்கள் 17 சதவீதம்தான். கிராமப்புறத்தில் வெறும் 6 சதவீதம். அதற்குப் பிறகு மருத்துவக் கல்லூரி வகுப்புகளில் பெண்கள் பாதியைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் வகுப்பில் இருந்த பாதி, வார்டில், அதுவும் இரவில், அதுவும் தீவிர சிகிச்சைப் பிரிவில் எங்கே போகிறது? ஆண் டாக்டரிடம் சொல்லத் தயங்கி நோயை வளர்க்கும் பெண்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஒரு பெண் டாக்டர் ஒதுங்கினால் அந்தப் பெண்களுக்கும் ஒரு கதவு மூடுகிறது. உலக அளவில் சுகாதாரத் துறையின் 70 சதவீத ஊழியர்கள் பெண்கள், ஆனால் உயர் பதவிகளில் அவர்கள் கால் பங்குதான் என்று அதே நிறுவனம் 2019இல் சொன்னது. கவசத்தின் அளவை முடிவு செய்யும் மேஜையில் அதை அணிபவர் இல்லாததற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

கேட்பது பெரிய விஷயங்கள் அல்ல. மூன்று அளவில் முகமூடி. உள்ளிருந்து தாழிட முடிகிற பணியறை. தொற்றுக் காலத்துக்கு மட்டும் என்றில்லாத ஒரு பாதுகாப்புச் சட்டம். பணியில் நோய்வாய்ப்பட்டு உயிரோடு இருப்பவருக்கும் ஓர் ஈட்டுத்தொகை. பிறகு, இரவிலும் திறந்திருக்கும் குழந்தைகள் காப்பகம். 50 பேர் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. இவர் கடைசியாக வேலை பார்த்த மருத்துவமனையிலும் காப்பகம் இருந்தது. மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு மாலை ஐந்துக்குப் பூட்டுவதில்லை. எது பூட்டவில்லையோ அதை அவர் விட வேண்டியதாயிற்று.

இப்போது ஒரு சிறிய நர்சிங் ஹோமில் காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை கண்புரை, குடலிறக்க அறுவை சிகிச்சைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கிறார். கௌரவமான வேலைதான். ஆனால் 2021 ஏப்ரலில், ஆக்சிஜன் தீரப் போகிற இரவில், யாருக்கு முதலில் குழாய் போடுவது என்று முடிவெடுத்து ஆட்களைப் பிழைக்க வைத்த கை அது. அப்படி ஒரு கையைத் தயார் செய்ய இந்த நாடு பத்து வருஷம் செலவழிக்கிறது.

போன வாரம் எங்கள் வாசலில் நின்றபோது உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தேன். இன்னொரு தொற்று வந்து கூப்பிட்டால் போவீர்களா என்று கேட்டேன். "போவேன் தீதி, வேறு யார் போவார்கள்?" என்றார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"ஆனால் இந்தத் தடவை பூ வேண்டாம். படுக்கிற அறை எங்கே என்று முதலில் கேட்பேன்."